முகம் பார்த்து எழுதிய கார்டுகள்

ஆளைக் கண்டவுடன் சாதி சொல்லக்கூடியவர்கள் எங்கள் ஊரில் ஏராளம். அதையே ஒரு வேலையாக, மேசை கதிரை போட்டு, ஆங்கிலத்தில் செய்த முதல் யாழ்ப்பாணத்தான் நானாகத்தான் இருக்கவேண்டும்.

சிட்னியில் லிட்கம் றெயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் குளிர்சாதனப் பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. எழுபதுகளின் நடுப்பகுதியில் அதன் ஆளெடுப்புக் கந்தோரில் நான் எழுதுவினைஞன். வேலைக்கு வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு கார்டு எழுதவேண்டும். கச்சேரி மாதிரி அரசாங்கக் கந்தோரிலோ வேறெங்கோ வரிசையில் நின்று, யன்னலுக்குப் பின்னால் இருக்கிற மனிதர் நம் முகத்தைப் பார்த்து என்ன முடிவுக்கு வருகிறாரோ என்று யோசித்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். இது யன்னலுக்கு மற்றப் பக்கம் இருந்தவன் சொல்லுகிற கதை. அங்கே ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் பேசப்பட்டதையெல்லாம் என் வாய்த்தமிழிலேயே தருகிறேன். கோபத்தை மொழிபெயர்ப்பதில் எனக்கு எப்போதும் சிரமம் இருந்ததில்லை.

கேட்காதே, பார்

என் மேலதிகாரி மிஸ்டர் ஹாரிஸ் கெட்ட மனிதர் அல்ல. யாருக்காவது பிள்ளை பிறந்தால் வீட்டில் கேக் செய்வித்துக் கொண்டுவருவார். அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல். கெட்டவராக இருந்திருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

முதல்நாள் அவர் ஒரு கார்டை எடுத்து என் முன்னால் வைத்தார். பெயர், பிறந்த ஊர், தாய் தகப்பன் பெயர், பேசும் மொழி. அதற்குக் கீழே 'இனம்' என்று போட்டு ஐந்து கட்டங்கள். பிரிட்டிஷ் வழி வந்தவர், வட ஐரோப்பியர், தென் ஐரோப்பியர், ஆசியர், மற்றவை. முதல் இரண்டு கட்டத்துக்காரர் களஞ்சியத்துக்கும் மேற்பார்வைக்கும் போவார்கள். மூன்றாவது, பாகங்களைப் பொருத்திப் பெட்டி பூட்டும் வரிசைக்கு. கடைசி இரண்டும் பெயின்ற் குழிக்கும் குரோம் முலாம் பூசும் அறைக்கும். இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. நிறம் பார்த்து ஆள் எடுக்கிற காலம் முடிந்துவிட்டது என்று அந்த நாட்டு அரசாங்கம் அறிவித்து ஓரிரு வருஷந்தான். அரசாங்கம் மாறியது, சட்டம் மாறியது. கார்டை மட்டும் பழைய கட்டுத் தீரும்வரை பாவிப்போம் என்றார்கள்.

ஆட்களிடம் இனத்தைக் கேட்கக்கூடாது, முகத்தைப் பார்த்து நாங்களே புள்ளடி போடவேண்டும். எனக்கு முன்னிருந்தவர் கேட்கப்போய் இரண்டுமுறை அடிதடி வந்ததாம். இப்போது கரைச்சல் கூடிவிட்டது. ஸ்பெயின்காரர், சிலிக்காரர், ஆர்ஜென்டினாக்காரர், பெருக்காரர் என்று ஸ்பானிய மொழி பேசுகிறவர்கள் நாளாந்தம் வந்தார்கள். ஒரே மொழி, ஆனால் வெள்ளைக்காரனைப்போல ஒருவர், என்னைப்போல ஒருவர். எனக்கு ஸ்பானிய மொழியில் ஒரு சொல்லும் தெரியாது என்று முன்கூட்டியே சொன்னேன். ஹாரிஸ் சிரித்தார்.

"பாஷை பரவாயில்லை, சிவா. உம்மடை முகத்தைப் பார்த்தா அவங்கள் தங்கடை ஆள் எண்டு நினைச்சு அமைதியா நிப்பாங்கள். மிச்சத்தை நீர் பார்த்து எழுதும்."

ஒரு தாய், இரண்டு கட்டம்

இரண்டாவது கிழமை. சிலி நாட்டின் வடக்கே ஒரு செம்புச் சுரங்க ஊரிலிருந்து வந்த ராவுல் என்கிற இளைஞர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். மண்ணிறத் தலைமயிர், பச்சை கலந்த கண். வெயிலில் நின்ற இத்தாலியனைப்போல இருந்தார். தென் ஐரோப்பியர் என்று புள்ளடி போட்டேன். அடுத்து வந்தவர் ஊகோ. செம்பு நிறம், உயர்ந்த கன்ன எலும்பு, கரிய நேரான மயிர். பேனை தானாகவே கீழே இறங்கி 'மற்றவை'யில் நின்றது. அதற்குப் பிறகுதான் மேலே பார்த்தேன். இரண்டு கார்டிலும் தாயின் பெயர் ஒன்று, தகப்பனின் பெயர் ஒன்று. ஊகோ மூத்தவர், ராவுல் இளையவர். ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

என் கண்ணை யார் இப்படிப் பழக்கினார்கள் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள், உங்களுக்குத் தெரியும். கலியாணப் பேச்சுக்கால் நடக்கிற வீட்டில் வளர்ந்தவன் நான். வெள்ளை, பொதுநிறம், மாநிறம், கறுப்பு என்று ஒரு ஆள் படலை திறந்து வாசலுக்கு வருவதற்குள் பிரித்துவிடுகிற பயிற்சி எனக்குப் பத்து வயதிலேயே முடிந்துவிட்டது. வெள்ளைக்காரனிடம் நான் எதையும் புதிதாகக் கற்கவில்லை. அவன் கட்டம் தந்தான், கண் என்னுடையது. திருத்தி எழுத அப்போதே நேரம் இருந்தது. கார்டில் வெட்டித் திருத்தக்கூடாது என்று ஹாரிஸ் சொல்லியிருந்ததால் திருத்தவில்லை. புது வேலை, பயம்.

ஊகோ இரண்டு கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கப்பலில் வரும்போது படித்த கொஞ்ச ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்:

"அம்மாவுக்குக் கடிதம் போடவேணும். எங்கள் ரெண்டு பேரையும் ரெண்டு தேசத்திலை பெத்தவ எண்டு அவவுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

நீலக் கண்ணன்

ஒஸ்கார் ஆர்ஜென்டினாக்காரர். பொன் மயிர், நீலக் கண், என்னைவிட ஒரு முழம் உயரம். அவர் வாய் திறக்கும் முன்பே வட ஐரோப்பியர் என்று எழுதிவிட்டேன். கார்டை வாங்கிய ஹாரிஸ், மொழி என்ற இடத்தில் ஸ்பானியம் என்று இருப்பதைக் கண்டு நெற்றியைச் சுருக்கினார். ஸ்பானிய மொழி பேசுகிறவன் எப்படி வடக்கனாக இருக்கமுடியும்? வெட்டித் திருத்தக்கூடாத கார்டை அவரே வெட்டினார். களஞ்சியத்துக்குப் போகவேண்டிய ஒஸ்கார், ஒரு கீற்றுப் பேனைக் கோட்டினால் பெட்டி பூட்டும் வரிசைக்குப் போனார்.

ஒஸ்காருக்கு ரத்தம் கொதித்தது. தன் பாட்டன் கப்பல் ஏறிய துறைமுகத்திலிருந்து தொடங்கி உடைந்த ஆங்கிலத்தில் கதை சொன்னார். தங்கள் நாட்டில் எல்லோரும் கப்பலில் வந்தவர்கள்தானாம், ஊகோவைப்போன்ற முகங்கள் அங்கே கிடையாதாம். முன்பு இருந்தவர்கள் எங்கே என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார். ஒரு சனத்தையே அழித்த கதை ஒரு தோள் குலுக்கலில் முடிந்தது.

ஒரு மாதம் கழித்து முறைப்பாட்டோடு திரும்ப வந்தார். வரிசையில் வேலை செய்யும் உள்ளூர்ப் பொடியன்கள் அவரை 'வொக்' என்று கூப்பிடுகிறார்களாம். கிரேக்கனையும் இத்தாலியனையும் ஏசுவதற்கென்று அவர்கள் வைத்திருந்த சொல் அது. எனக்கு அவர்மீது இரக்கம் வரத் தொடங்கிய நேரத்தில் சொன்னார்:

"அந்தப் பேருக்கு ஏற்ற ஆக்கள் முலாம் அறையிலை இருக்கேக்கை, என்னை ஏன் கூப்பிடுறாங்கள்?"

தேத்தண்ணி வண்டி

கார்மென் ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் பிறந்தவர். ஐம்பது வயது மட்டில் இருக்கும். தொழிற்சாலை முழுக்கத் தேத்தண்ணி வண்டி தள்ளிக்கொண்டு போவது அவர் வேலை; எனக்கு மொழிபெயர்ப்பது அவர்மேல் சுமத்தப்பட்ட சம்பளமில்லா வேலை. சிலிக்காரர் பேசுகிற ஸ்பானிய மொழியைக் கேட்டால் மூக்கைச் சுளிப்பார். பாதிச் சொல்லை விழுங்கிவிடுகிறார்களாம். தான் இருக்கிற தென் ஐரோப்பியர் கட்டத்துக்குள் ராவுலையும் எழுதியிருக்கிறேன் என்று தெரிந்த அன்று எனக்குத் தேத்தண்ணியில் சீனி போடவில்லை.

அந்தக் கட்டத்தினால் அவருக்கு என்ன மரியாதை கிடைத்தது என்று நான் அறியேன். வரிசைப் பொடியன்களுக்கு அவர் 'டேகோ கிழவி'; ஸ்பெயின்காரரை ஏச அந்தச் சொல். அவர் காதுபடத்தான் சொல்லுவார்கள். ஆனாலும் அந்தக் கட்டத்துக்குள் இன்னொருவர் ஏறிவிடாமல் வாசலில் காவல் நின்றார். கீழே தள்ளப்பட்டவர்கள் தங்களுக்குக் கீழே ஒரு படி கட்டுவதை நான் யாழ்ப்பாணத்திலேயே நிறையக் கண்டிருக்கிறேன், என்றாலும் கோபம் வந்தது. ஒரே மொழி பேசுகிற சனம்தானே என்று கேட்டுவிட்டேன்.

"பாஷை என்னுடையதுதான், தம்பி. என்ரை பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு திரிஞ்சா அவன் எனக்குச் சொந்தக்காரனே?"

நெருப்புக்குச்சி

குளிர்சாதனப் பெட்டியின் கைப்பிடி மினுங்குகிறதே, அந்த மினுக்கம் எங்கிருந்து வருகிறது என்று முலாம் அறைக்குள் போகும்வரை எனக்குத் தெரியாது. வரவுத்தாள் கொடுக்க நான் கிழமைக்கு ஒருதரம் போவேன். பெரிய தொட்டிகளில் சூடான அமிலம். அதிலிருந்து மஞ்சள் புகார் ஒன்று புகைபோல எழும்பி முகத்தில் படியும். ஐந்து நிமிஷத்தில் எனக்குத் தொண்டை அரிக்கும். அங்கே எட்டு மணித்தியாலம் நிற்கிறவர்களுக்குக் கைகளில் சின்னச் சின்ன வட்டமாய்ப் புண் விழும், மூக்கால் ரத்தம் வரும். இரண்டு மாதத்தில் ஊகோவுக்கு இரண்டும் வந்துவிட்டன. கைலேஞ்சியை மூக்கில் பிடித்தபடி என் மேசைக்கு வந்து, தன்னைத் தம்பியோடு வரிசைக்கு மாற்றச் சொல்லி விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். நான் ஹாரிஸிடம் கொடுத்தேன். 'மற்றவை' ஆள் ஒருவர் வரிசைக்குப் போனால் அங்கே நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள் என்று அதை மேசை லாச்சிக்குள் வைத்தார்.

பதில் இல்லை என்று சொல்ல நான் முலாம் அறைக்குப் போனபோது மொறீஷியஸ்காரர் லூயி பக்கத்தில் நின்றார். அந்த அறையில் ஏழு வருஷம் நின்ற மனிதர். ஊகோவின் கைலேஞ்சியைப் பார்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு நெருப்புக்குச்சியை எடுத்தார். அதை ஒரு மூக்குத்துவாரத்துக்குள் விட்டு மற்றத் துவாரத்தால் வெளியே எடுத்தார். நடுச்சுவர் இல்லை. அமிலம் தின்றுவிட்டது. விருந்தாளிக்கு வித்தை காட்டுகிறவர் மாதிரிச் சிரித்துக்கொண்டு சொன்னார்:

"பயப்பிடாதை, தம்பி. முதல் வருஷம்தான் ரத்தம் வரும். பிறகு நோவே இராது. நோகிறதுக்கு அங்கை ஒண்டும் மிச்சமிராது."

வியாழக்கிழமை டொக்டர்

வியாழக்கிழமைகளில் கொம்பனி டொக்டர் வருவார். ஊகோவை நான் கூட்டிக்கொண்டு போனேன், மொழிபெயர்க்கக் கார்மென் வந்தார். டொக்டர் முதலில் மூக்கைப் பார்க்கவில்லை, கார்டைப் பார்த்தார். 'மற்றவை' என்பதில் விரல் வைத்து, எந்த மற்றவை என்று என்னிடம் கேட்டார். சிலி நாட்டுச் செவ்விந்தியர் வம்சமாக இருக்கலாம் என்றேன். அதைச் சொன்ன என் நாக்கையும் இப்போது குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறேன். டொக்டருக்கு அது போதும். இந்த வகை ஆட்களுக்குத் தோல் தடிப்பு, மலைக்காற்றில் வளர்ந்தவர்கள், கொஞ்சம் எரியும், பழகிவிடும் என்று ஒரு களிம்பு எழுதித் தந்தார்.

சொன்னதை மொழிபெயர்க்கும்படி கார்மெனைப் பார்த்தார். கார்மென் ஊகோவின் கையைப் பிடித்துத் திருப்பினார். ஊகோவின் கைப்புண்களை அவர் அன்றுதான் கிட்டத்தில் பார்த்தார். பிறகு ஸ்பானிய மொழியில் நாலைந்து சொல் சொன்னார். வெளியே வந்தபின் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். இந்த மனிதரிடம் உனக்கு மருந்து இல்லை, எப்படியாவது அந்த அறையை விட்டு வெளியே வா என்று சொன்னாராம். தோல் கதையை மொழிபெயர்க்கவில்லை. வண்டியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"பதினைஞ்சு வருஷம் இந்த பக்டரியிலை தேத்தண்ணி ஊத்தியிருக்கிறன். இண்டைக்குத்தான் கோப்பைக்குள்ளை ஊத்தாமல் ஆளுக்கு மேலை ஊத்தவேணும் போல இருந்தது."

பொதுநிறம்

அந்த ஞாயிற்றுக்கிழமை பாலா அண்ணை வீட்டில் சாப்பாடு. சிட்னியில் அப்போது தமிழ்க் குடும்பங்களை விரல் விட்டு எண்ணலாம். இடியப்பத்துக்குச் சொதி ஊற்றும்போது எனக்குப் பொறுக்கவில்லை. ஊகோவின் மூக்கைப் பற்றி, லூயியின் நெருப்புக்குச்சியைப் பற்றி, டொக்டரைப் பற்றி எல்லாம் கொட்டினேன். பாலா அண்ணை எஞ்சினியர், நியாயமான மனிதர். வெள்ளையன்களின் திமிர் என்று மேசையில் தட்டினார். தட்டிய கையோடேயே அடுத்த கதையைச் சொன்னார்: போன கிழமை பஸ் தரிப்பில் ஒருவன் தன்னைப் பார்த்துச் சிலிக்காரனா என்று கேட்டுவிட்டானாம். மூன்று நாள் நித்திரை இல்லையாம். எங்களையும் அவர்களோடு சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள் என்று கவலைப்பட்டார்.

அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், குசினிக்குள்ளிருந்து ஒரு கடிதத்தோடு வந்தார். எனக்குப் பேசிவந்த சம்பந்தம். பெம்பிளை படித்தது, நல்ல குடும்பம், ஆனால் கடிதத்தில் பொதுநிறம் என்று போட்டிருக்கிறது, வேண்டாம் என்று எழுதிவிடவா என்று கேட்டார். பொதுநிறம் என்றால் என்ன குற்றம் என்றேன். அக்கா என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"பொதுநிறம் எண்டு எழுதினா கறுப்பெண்டுதான் அர்த்தம், தம்பி. ஆளைப் பார்த்துக் கார்ட் எழுதுற கந்தோரிலை இருக்கிறீர், இது கூடத் தெரியாதோ?"

ஒரு கையெழுத்து

திங்கட்கிழமை நேரே ஹாரிஸிடம் போனேன். நான் பிழை விட்டுவிட்டேன், ஒரு தாய்க்குப் பிறந்த இருவருக்கு இரண்டு இனம் எழுதியிருக்கிறேன், திருத்தவேண்டும் என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை. யோசித்தார். ஊகோவின் முகத்தை வைத்துக்கொண்டு சும்மா தென் ஐரோப்பியர் என்று மாற்றினால் வரிசையில் கேள்வி வரும். ஒரு கடதாசி இருந்தால் வாயை அடைக்கலாம். தாய்வழி தகப்பன்வழி இரண்டும் ஸ்பெயினிலிருந்து வந்தவை என்று ஊகோ ஒப்பமிட்டுத் தந்தால் போதும், அன்றைக்கே மாற்றம். தன் பெருந்தன்மையில் அவருக்கே ஒரு திருப்தி. நான்கு வரியில் நானே தட்டச்சு செய்தேன். எவ்வளவு அழகான தீர்வு என்று நானும் நினைத்தேன் என்பதை மறைக்கமாட்டேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கடதாசியை ஊகோவிடம் கொடுத்தேன். ராவுலும் பக்கத்தில் இருந்தார், வார்த்தை வார்த்தையாக அண்ணனுக்குச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "போடு அண்ணை கையெழுத்தை, மூக்கு இருக்கும்" என்றுதான் ராவுல் கெஞ்சினார். ஊகோ பேனையை வாங்கினார், மூடியைக் கழற்றினார். தகப்பன் வழி சரி என்றார். தாய்வழி என்ற இடத்தில் புண்ணான விரலை வைத்தார். அவர்களின் தாய் அந்த வடக்கு மலைகளின் ஆதிச் சனத்தில் பிறந்தவர். சந்தையில் அவருடைய பாஷையையும் பாவாடையையும் பார்த்துச் சிரித்தவர்களோடு ஊகோ சின்ன வயதில் எத்தனை தரம் கட்டிப் புரண்டிருக்கிறார் என்று ராவுல் எனக்குப் பிறகு சொன்னார். ஊகோ மூடியை மெதுவாகத் திரும்பப் பூட்டினார்.

"நான் மூச்சு விடவேணுமெண்டு, ஊரிலை உயிரோடை இருக்கிற மனிசியைக் கடதாசியிலை சாகடிக்கச் சொல்லுறியள். ஏலாது."

இளையவரின் புள்ளடி

அடுத்தநாள் காலை ராவுல் ஹாரிஸின் அறைக்குள் கதவு தட்டாமல் போனார். நான் பின்னால் ஓடினேன். தன் கார்டை மேசையில் போட்டு, இது பிழை, என் தாய் யாரோ அவர்தான் அண்ணனின் தாயும், எனக்கும் 'மற்றவை' என்று எழுதுங்கள் என்றார். ஹாரிஸ் பகிடி என்று நினைத்தார். அப்படி எழுதினால் நீ முலாம் அறைக்குத்தான் போவாய் என்று விளங்கப்படுத்தினார். ராவுல் தலையாட்டினார். ஹாரிஸின் முகம் சிவந்தது. தான் நீட்டிய பெருந்தன்மையை இரண்டு சகோதரர்கள் மாறி மாறி நிலத்தில் போட்டால் எந்த மனிதருக்குத்தான் கோபம் வராது! என் கையிலேயே கார்டைத் தந்து மாற்றி எழுதச் சொன்னார். எழுதினேன். என் வாழ்க்கையில் முகத்தைப் பார்க்காமல் எழுதிய முதல் புள்ளடி அது.

முலாம் அறை வாசலில் ஊகோ தம்பியைக் கண்டதும் சந்தோஷப்படவில்லை. இரண்டு கையாலும் அவருடைய சேட்டுக் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு தள்ளினார். விசரா, ஒருவனாவது முழு மூக்கோடு ஊருக்குப் போகவேண்டாமா என்று கத்தினார். கார்மென் வண்டியை விட்டுவிட்டு ஓடிவந்து விலக்கினார். ராவுல் சேட்டுக் கழுத்தைச் சரிசெய்துகொண்டு, அண்ணனின் கையுறைகளில் ஒன்றை எடுத்துத் தன் கையில் மாட்டினார்.

"கத்தாதை அண்ணை. நான் இல்லாமல் அவங்கள் எத்தனை நாளைக்குக் கதவு பூட்டுறாங்கள் எண்டு பார்ப்பம்."

பூட்டாத கதவுகள்

இங்கே தொழில் ரகசியம் ஒன்று சொல்லவேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் கடினமான வேலை, கதவைப் பொருத்திப் பூட்டுவது. கதவைப் பெட்டியோடு பிணைக்கிற பிணைச்சல் ஒரு நூல் அளவு விலகினாலும் கதவு முழுதாக மூடாது, குளிர் வெளியே போகும். அந்த நூல் அளவைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்கிற கை ராவுலுக்கு மட்டுமே இருந்தது. அவருக்குப் பதிலாக ஒஸ்காரை நிறுத்தினார்கள். அவருடைய நீலக் கண்ணால் பிரயோசனமில்லை. மூன்றாம் நாள் நான் வரிசைப் பக்கம் போனபோது, நூற்றுக்கு மேற்பட்ட பெட்டிகள் வாயைப் பிளந்துகொண்டு சுவரோரம் நின்றன.

வரிசையை மேற்பார்க்கிற போமன் மக்பிரைட், ஸ்கொட்லாந்துக்காரர். சிவந்த கழுத்தோடு எங்கள் கந்தோருக்குள் வந்தார். என் ஆளைத் திரும்பத் தா என்றார். அவன் இப்போது 'மற்றவை', வரிசைக்கு வரமுடியாது என்று ஹாரிஸ் கார்டைக் காட்டினார். மக்பிரைட் முலாம் அறைக்கே போய் ராவுலைக் கூப்பிட்டார். அண்ணன் வந்தால் வருகிறேன் என்று ராவுல் திரும்பிப் பார்க்காமலே சொன்னார். மக்பிரைட் திரும்ப வந்து ஹாரிஸின் மேசையில் இரண்டு கையையும் ஊன்றினார். அவரை மகாத்மாவாக்கி எழுத எனக்கு விருப்பமில்லை. முந்திய வருஷம் ஊகோவைப்போல மூன்று பேரை வேண்டாம் என்று வரிசையிலிருந்து திருப்பி அனுப்பியவர் அவரேதான்.

"எனக்குக் கதவு பூட்டவேணும், ஹாரிஸ். பூட்டுறவன் ஐரோப்பாவிலை இருந்து வந்தானோ செவ்வாய்க் கிரகத்திலை இருந்து வந்தானோ, ரெண்டு பேரையும் பின்னேரத்துக்கு முன்னம் என்ரை வரிசையிலை நிப்பாட்டு."

ஆறாவது கட்டம்

நிப்பாட்டினார்கள். ஆனால் கட்டம் தோற்றது என்று நீங்கள் சந்தோஷப்பட அவசரப்படவேண்டாம். ஹாரிஸ் புதுக் கார்டு அச்சடிப்பித்தார். தென் ஐரோப்பியருக்கும் ஆசியருக்கும் நடுவில் 'இலத்தீன்' என்று ஆறாவது கட்டம். ஸ்பானிய மொழி பேசுகிற, ஆனால் ஸ்பெயினில் பிறவாத எல்லோரும் அதற்குள். அவர்கள் வரிசைக்குப் போகலாம். சகோதரர் இருவரும் ஒரே கட்டத்தில் வந்தார்கள். பொன் மயிர் ஒஸ்கார் அதே கட்டத்துக்குள் இறக்கப்பட்ட கோபத்தில் மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. ஹாரிஸ் கேக் கொண்டுவந்தார். பிரச்சினை தீர்ந்ததற்காம்.

வரிசையில் ஊகோவின் முதல் நாள். மூக்குக்குப் பஞ்சு வைத்திருந்தார். ரத்தம் நிற்க இன்னும் பல கிழமை எடுத்தது. கார்மென் அவருக்கு இரண்டு சீனி போட்டுத் தேத்தண்ணி கொடுத்தார். மக்பிரைட் முதுகில் தட்டினார். நானும் போய்க் கையைப் பிடித்துக் குலுக்கினேன், மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். மன்னிப்பு வாய்க்கு வரவில்லை, சந்தோஷம் என்றேன். ஊகோ என் கையை விடாமல், தொழிற்சாலையின் கடைசித் தொங்கலில் இருக்கிற முலாம் அறைக் கதவைப் பார்த்தபடி கேட்டார்:

"எல்லாரும் எனக்குக் கையைக் குடுக்கிறியள். என்ரை தொட்டியிலை இண்டைக்கு ஆரை நிப்பாட்டினனீங்கள்?"

முந்தின நாள்தான் பீஜியிலிருந்து வந்திறங்கிய ஒருவரை. அவருடைய கார்டை அன்று காலை 'மற்றவை' என்று எழுதியவன் நான்தான்.

இவ்வளவு கோபத்தையும் வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகும் பதினாலு மாதம் ஒரு நாளும் பிந்தாமல் போய் அதே கதிரையில் இருந்து முகம் பார்த்துக் கார்டு எழுதினேன் என்பதையும் சொல்லாவிட்டால், மேலே நான் திட்டியவர்கள் எல்லோரையும் நீங்கள் என்னைவிட மோசமானவர்கள் என்று நினைத்துவிடுவீர்கள்.